தெரிந்தவர் அழைத்தால் குற்றமில்லை

அக்கா மன்னிப்புக் கேட்டபோதே மகுடேஸ்வரனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பூங்கோதை பிறந்து நாற்பத்தொரு வருடங்களில் யாரிடமும் மன்னிப்புக் கேட்டதாகத் தகவல் இல்லை. ஒருமுறை பஸ்ஸில் கண்டக்டரின் காலை மிதித்துவிட்டு, "காலைப் பாத்து வைக்கறதில்லீங்களா?" என்று அவரையே கேட்டவள். அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனில் கூப்பிட்டு, "மகுடு, தப்பு என்மேலதான்டா. நான் நேர்ல வந்து அழைச்சிருக்கோணும்" என்றாள்.

அவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான். அழுததற்கு அது ஒரு வசதியாக இருந்தது.

கோயமுத்தூர் கணபதியில் ஒற்றை அறை வீடு, பம்பு கம்பெனியில் பரிசோதகர் வேலை, வயது முப்பத்து நான்கு, கல்யாணம் ஆகவில்லை. அப்பா அம்மா இல்லை. ரத்த சொந்தம் என்று சொல்லிக்கொள்ள கோபிசெட்டிபாளையத்தில் கட்டிக்கொடுத்த இந்த ஒரே அக்காதான். அவளோடும் இரண்டு வருடமாகப் பேச்சில்லை.

அக்கா மகள் கவிநிலாவுக்குக் காது குத்து வைத்தார்கள். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தாய்மாமன் என்று இருப்பவன் இவன் ஒருத்தன். அவனை முறையாக அழைக்க, வெற்றிலை பாக்குத் தட்டோடு அக்காவும் மாமாவும் நேரில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பத்திரிகையைப் படமெடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டு, கீழே இரண்டு கும்பிடு பொம்மை வைத்திருந்தாள். மகுடேஸ்வரன் பதிலுக்குக் கட்டை விரல் பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு, அன்றைக்கு ஓவர்டைம் பார்த்தான். பிள்ளைக்குப் பக்கத்து வீட்டு இன்சூரன்ஸ் ஏஜென்டின் மடியில் காது குத்தினார்கள்.

அந்த வருடம்தான் சட்டமும் வந்தது.

அதற்கு முன்னால் போன் என்பது கடன் வேண்டுமா, மனை வேண்டுமா, மூட்டு வலி இருக்கிறதா என்று கேட்கும் சாதனமாக இருந்தது. கூட வேலை பார்க்கும் நஞ்சப்பனுக்கு அவன் மாமனார் இறந்த வீட்டில் ஒரு கால் வந்தது. எடுத்தவுடன், "வாழ்த்துகள் சார்!" என்றார்கள். பக்கத்தில் நின்ற மாமியாருக்கும் அது கேட்டுவிட்டது. இப்படி நாடெங்கும் பலபேர் பாதிக்கப்பட்டபின், உங்கள் போனில் 'தெரிந்தவர்' பட்டியலில் இல்லாத யார் கூப்பிட்டாலும் அது தொல்லை அழைப்பு, இரண்டு வருடம் உள்ளே என்று சட்டம் போட்டார்கள். ஒரே நாளில் தேசம் அமைதியானது. போன் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஜனங்கள் ரிப்பேர் கடைகளில் வரிசை கட்டினார்கள்.

அக்காவோடு சண்டையாகிப் பத்து நாள். யாருமே கூப்பிடவில்லையே என்று மகுடேஸ்வரனும் போனைத் தூக்கிக்கொண்டு போனான். கடைக்காரர் மைக் டெஸ்ட் என்று ஒரு தாளைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார், விரல் வைக்கச் சொன்னார், போன் நன்றாகத்தான் இருக்கிறது என்றார். வந்ததற்குத் திரைமேல் ஒரு டெம்பர் கிளாஸை இலவசமாக ஒட்டிவிட்டார். நல்ல மனிதர் என்று மகுடேஸ்வரன் நாலு பேருக்கு அந்தக் கடையைச் சிபாரிசு செய்தான்.

இப்போது எட்டு மாதமாக ஞாயிறு பதினோரு மணி என்பது அவனுக்குக் கோயில் மாதிரி. பத்தே முக்காலுக்குக் குளித்துவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

"ஏன்டா மகுடு, என்ன கொழம்பு?"

அக்கா சாப்பிட்டாயா என்று கேட்க மாட்டாள். குழம்பு என்னவென்று கேட்பாள். ரசம் என்றால் திட்டுவாள். அப்புறம் மாமாவின் கஞ்சத்தனம், கவிநிலாவின் கணக்குப் பரீட்சை, பக்கத்து வீட்டு ஏஜென்டின் நாய் என்று கால் மணி நேரம் ஓடும். நடுவில் எங்கேயாவது, "ஒரு மெத்தை வாங்குனேன்டா, முதுகு வலி போன எடம் தெரியல" என்பாள். அவனும் வாங்கினான். மெத்தைக்குப் பிறகு தண்ணீர் சுத்திகரிக்கும் எந்திரம், மஞ்சள் மாத்திரை, முழங்காலுக்கு மட்டும் ஒரு காப்பீடு. ஒற்றை அறையில் மெத்தையைப் போட்டபின் கதவு பாதிதான் திறந்தது. அக்கா சொல்லி வாங்கியது என்பதால் பக்கவாட்டில் நுழையப் பழகிக்கொண்டான்.

அவளே கூப்பிடுகிறாள் என்பதால், தானாக ஒருமுறை கூப்பிட வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதில்லை. முதலில் இறங்கி வந்தவள் அவள். அந்தப் பெருமையை எட்டு மாதமாகச் செலவழிக்காமல் வைத்திருந்தான்.

ஒரு திங்கட்கிழமை, கேன்டீனில் நஞ்சப்பன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மெத்தை ஒண்ணு வாங்கலாம்னு இருக்கறன்டா. காரமடைப் பெரியப்பா நேத்து போன்ல சொன்னாரு. படுத்தா பவானி ஆத்துல மல்லாக்க மெதக்கற மாதிரி இருக்குதாம் சாமி."

மகுடேஸ்வரன் கையிலிருந்த போண்டா பாதி வழியில் நின்றது. "'கரையேறவே மனசு வராது'ன்னு சொன்னாரா?"

"அட, ஆமா! உனக்கெப்படித் தெரியும்?"

"சொல்லீட்டு ஒரு பெருமூச்சு விட்டாரா?"

"விட்டாரு."

"எங்கக்காவும் அதே ஆத்துலதான்டா மெதக்கறா."

நஞ்சப்பன் நாற்காலியைக் கிட்டே இழுத்துப் போட்டான். பிறகு துக்க வீட்டில் பேசும் குரலுக்கு வந்தான். "மகுடு, குரல் குத்தகை கேள்விப்பட்டிருக்கறியா? தெரியாதவன் கூப்பிட்டாத்தானே குத்தம்? அதனால தெரிஞ்சவங்க குரலைக் கம்பெனிக்காரன் குத்தகைக்கு எடுத்துக்கறான். பழைய பேச்சு, பழைய மெசேஜ் எல்லாம் அதோட போயிரும். அவங்களாட்டவே மிஷின் பேசும், அவங்க நம்பர்லயே வரும். எங்க பெரியப்பனைச் சொல்லு, அந்தாளு பேரனையே குத்தகைக்கு விட்டுருவான். ஆனா உங்கக்காவுமா?"

மகுடேஸ்வரன் போண்டாவைத் தட்டில் வைத்தான். அதன்பிறகு அதை யார் சாப்பிட்டார்கள் என்று தெரியாது; நஞ்சப்பனாக இருக்கலாம்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டுக்கொண்டு காந்திபுரத்தில் பேக்கரிக்கு மேல்மாடியில் இருந்த அழைப்புக் குறைதீர் அலுவலகத்துக்குப் போனான். "பதினேழாம் நம்பர், உள்ள வா கண்ணு" என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. யாருடைய பெரியம்மாவின் குரலோ.

உள்ளே இருந்த அலுவலரின் பெயர்ப் பலகையில் செலின் என்று இருந்தது. அவன் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். கேட்டபடியே அவன் நம்பரைப் போட்டுத் திரையில் பார்த்தார்.

"இது சட்டவிரோதமா இல்லீங்களா மேடம்?"

"பாக்கலாங்க. தொல்லை அழைப்புன்னா, கூப்படறவங்க உங்களுக்குத் தெரியாதவங்களா இருக்கோணும். உங்கக்கா தெரியாதவங்களா?"

"கூடப் பொறந்தவங்க."

"செரி, அது போகட்டும். தெரிஞ்சவங்களா இருந்தாலும், வேண்டாம்னு நீங்க சொல்லி, அதுக்கப்பறமும் கூப்பிட்டாங்கன்னா கேஸ் எடுக்கலாம். வேண்டாம்னு சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"முப்பத்தி நாலு அழைப்பு. எல்லாத்துலயும் கடைசியில 'அடுத்த ஞாயிறும் கூப்புடுக்கா'ன்னு நீங்கதான் சொல்லியிருக்கறீங்க. ரெண்டு தடவை அழுதிருக்கறீங்க."

"அதெல்லாமா பதிவாகுது?"

"சேவையோட தரத்துக்காகங்க."

மகுடேஸ்வரனுக்குக் காது சூடானது. "ஆனா அது எங்கக்கா இல்லீங்களே மேடம்!"

"குரல் அவங்களது. நம்பர் அவங்களது. எட்டு மாசத்துக்கு முன்னால அவங்களே சம்மதம் குடுத்திருக்கறாங்க. சட்டத்துக்கு அக்கான்னா அவ்வளவுதாங்க." செலின் குரலைத் தணித்தார். "எனக்கும் எங்க அத்தைகிட்ட இருந்து வருது. நான் போனை ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பாத்திரம் கழுவுவேன்."

நிறுத்த என்ன வழி என்று கேட்டான். அவன் பட்டியலிலிருந்து அக்காவை எடுத்துவிடலாம். எடுத்தால் பத்து வருடத்துக்குத் திரும்பச் சேர்க்க முடியாது.

"அதுக்கப்பறம் நெசமான அக்கா ஒரு அவசரத்துக்குக் கூப்பிட்டா?"

"அது தொல்லை அழைப்புங்க. ரெண்டு வருசம் உள்ள போவாங்க."

இன்னொரு வழியும் இருந்தது. செலின் மேசை இழுப்பறையிலிருந்து உள்ளங்கை அகலத்தில் ஒரு மெல்லிய அட்டையை எடுத்தார். நடுவில் கறுப்பாக ஒரு கட்டம். "ரத்து அட்டை. உங்கக்கா கட்டைவிரலை வெச்சா குத்தகை விவரம் பூரா வரும், யாரு அவங்களைச் சேர்த்துவிட்டதுங்கற வரைக்கும். ரெண்டாவது தடவை வெச்சா ரத்து. அவங்க விரல்தான் வேணும். போய் நேர்ல பேசிப் பாருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேர்ல பேசி ரொம்ப நாளாச்சா?" என்றார்.

அவன் அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தான். பதினெட்டாம் நம்பர் கண்ணு உள்ளே வந்துகொண்டிருந்தது.

புதன்கிழமை காலை ஒன்றும் சாப்பிடாமல் கோபி பஸ் ஏறினான். கோபத்தை வெறும் வயிற்றில் கொண்டுபோனால்தான் வீரியம் குறையாது என்று நினைத்தான். அவிநாசி வரை வசனம் தயார் செய்தான். அதன்பிறகு வசனத்தைச் சுருக்கினான். எட்டு மாதம் அழுகையும் சிரிப்புமாகத் தான் கொட்டியதையெல்லாம் ஒரு மிஷின் கேட்டிருக்கிறது, அதற்குக் குரலைக் கொடுத்தது கூடப் பிறந்தவள். இதற்கு வசனமே தேவையில்லை.

கோபி பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோதுதான் கை காலியாக இருப்பது தெரிந்தது. அக்கா வீட்டுக்குத் தம்பி வெறுங்கையோடு போகிற வழக்கம் அந்தப் பக்கத்தில் கிடையாது. குறைந்தபட்சம் ஒரு சீப்புப் பழமாவது வேண்டும். பழக்கடை எதிரிலேயே இருந்தது. தன்னை விற்றவளுக்கு எதற்குப் பழம் என்று தாண்டிப் போனான்.

கதவைத் திறந்த பூங்கோதையின் முகம் மலர்ந்தது. அவன் எதிர்பார்த்த முகம் அதுவல்ல.

"அட மகுடு! புதங்கெழமையானா போன்ல வருவே, இன்னைக்கு ஆளாவே வந்துட்டியா? வா, வா." அவள் கண் ஒரு தடவை அவன் கைக்குப் போய்விட்டு வந்தது. "கைய வீசிட்டா வந்தே?"

கோபத்தில் அவன் காதில் கடைசி வாக்கியம் மட்டும்தான் விழுந்தது. உள்ளே போய் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான்.

"என்னைய வித்துப் போட்டியேக்கா."

"என்னடா ஒளர்றே?"

சொன்னான். மெத்தை, பவானி ஆறு, நஞ்சப்பனின் பெரியப்பா, செலின் மேடம் எல்லாவற்றையும் சொல்லி, அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தான். பூங்கோதை அவனையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஞாயித்துக்கெழமை நான் உனக்குக் கூப்படறனா? நான் எங்கடா கூப்பிட்டேன்? புதங்கெழமை நீதானே எனக்குக் கூப்படறே! ஒரு வருசமா!"

"நானா?"

"பின்ன உங்கொப்பனா? நீயேதான் கூப்படறயேன்னு நானாக் கூப்படறதே இல்ல." அவள் கையைப் பின்னால் காட்டினாள். "அதா, அந்தக் கிரைண்டரு நீ சொல்லித்தான் வாங்குனேன். மாமனுக்கு அந்த மசாஜ் செருப்பு, நீ சொல்லித்தான். அந்தாளு அதைப் போட்டுட்டு வழுக்கி வுழுந்தாரு."

மகுடேஸ்வரன் அப்போதுதான் ஹாலைச் சரியாகப் பார்த்தான். சுவரோரமாக நீல நிறத்தில், அவன் வீட்டுக் கதவை மறிக்கும் அதே மெத்தை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"குத்தகை கித்தகையெல்லாம் எனக்குத் தெரியாது" என்றாள் பூங்கோதை. இப்போது குரலில் வேகம் குறைந்திருந்தது. "எட்டு மாசம் இருக்கும். 'அக்கா, ஆபீஸ்ல ஆள் சேக்கச் சொல்றாங்க, ஒரு ஃபாரம் வரும், செரின்னு அழுத்தி விரலை வெய்யி'ன்னு சொன்னே. ரெண்டு வருசங் கழிச்சுத் தம்பி வாயைத் தொறந்து ஒரு உதவி கேக்கறான். படிச்சுப் பாத்துட்டா அழுத்துவாங்க?"

அவள் அட்டையை எடுத்துக் கறுப்புக் கட்டத்தில் கட்டைவிரலை வைத்தாள். எழுத்துகள் மெல்ல எழுந்து வந்தன. குத்தகை கொடுத்தவர் பூங்கோதை. சேர்த்துவிட்டவர் மகுடேஸ்வரன். உறவு, தம்பி. அதற்குக் கீழே, சேர்த்துவிட்டவரின் சொந்தக் குத்தகை ஆரம்பித்த தேதி. அது கவிநிலாவுக்குக் காது குத்தி பத்தாவது நாள்.

அவனுக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. மைக் டெஸ்ட். 'மச்சான், மழை வருமா? அண்ணா, பஸ் கிடைத்ததா? அக்கா, எப்படி இருக்கே?' என்று வரிசையாக இருந்தது. மச்சானையும் அண்ணனையும் கடகடவென்று படித்துவிட்டான். அக்கா என்ற இடத்தில் நின்று, மெல்லப் படித்தான். கடைக்காரர் கையை உயர்த்தி, "சூப்பருங்க, அந்த அக்கா ரொம்ப உருக்கமா வந்துச்சு. அதையே இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். சொன்னான். டெம்பர் கிளாஸ் ஒட்டிக் கொடுத்தார்.

போனை எடுத்துப் பார்த்தான். கிளாஸின் ஒரு மூலை விரிசல் விட்டிருந்தது. மற்றபடி தரமான கிளாஸ்தான்.

"விரலை இன்னொருக்கா வெய்யிக்கா. ரத்தாயிரும். நானும் போய் என்னோடதை ரத்துப் பண்ணீர்றேன்."

பூங்கோதை விரலை வைக்கவில்லை. முந்தானையால் அந்த விரலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மகுடு, மொதல்தடவை கூப்பிட்டப்ப, காது குத்துக்கு வராதது தப்புத்தான்க்கா, பாப்பாவுக்கு என் மடி இல்லாமப் போச்சேன்னு அழுதியே. அது?"

பொய் சொல்லியிருக்கலாம். அவனுக்கு அது தோன்றுவதற்குள் வாய் திறந்துவிட்டது. "அது நானில்ல."

"செரி, நீயில்ல. இப்ப நீ இருக்கறியல்ல, இப்பச் சொல்லு. வராதது தப்பா இல்லியா?"

"நீ நேர்ல வந்து அழைச்சிருந்தா வந்திருப்பேன்."

"அப்பத் தப்பில்லங்கறே."

"நேர்ல வராதது உன் தப்புன்னு நீ சொன்னியே!"

"நான் எதுக்குடா சொல்லோணும்?" பூங்கோதை எழுந்துவிட்டாள். கண்டக்டரின் காலை மிதித்த பூங்கோதை. "புள்ளைக்குக் காய்ச்சல், அந்தாளுக்கு மில்லுல லீவில்ல, நான் தட்டத் தூக்கீட்டுக் கோயமுத்தூருக்கு ஓடி வரோணுமா? கும்புடு போட்டு அனுப்புனனல்ல?"

"ரெண்டு பொம்மை."

"எண்ணிப் பாத்தியா?"

"எண்ணாம? நானொருத்தன்தானே மாமன்?"

"ஆமாண்டா, அந்த ஒருத்தன் வல்லீன்னு பந்தல்ல நின்னவங்கல்லாம் என் மொகத்தைப் பாத்தாங்க. பாப்பா அழுதா. குத்துனதுக்கு அழுகல, அந்த ஏஜென்டு மீசையப் பாத்து அழுதா. நீ அன்னைக்கு என்ன பண்ணீட்டிருந்தே?"

ஓவர்டைம் என்று அவன் சொல்லவில்லை.

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். அதுவும் ஏதோ ஒரு புதன்கிழமை அவன் சொல்லி வாங்கியதாக இருக்கும். மணி சரியாகப் பன்னிரண்டு.

மேசைமேல் பூங்கோதையின் போன் அதிர்ந்தது. திரையில் 'மகுடு' என்று பெயர் வந்தது. கூடவே அவன் படம். கோயில் வாசலில் கவிநிலாவைத் தோளில் தூக்கிவைத்திருந்தபோது எடுத்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள். மகுடேஸ்வரனின் போன் அவன் சட்டைப்பையில் அமைதியாக இருந்தது.

"எடுக்காதேக்கா."

"ஏன், எடுத்தாத் தப்பா?" என்றாள் பூங்கோதை. "சட்டப்படி குத்தமில்லீன்னு நீதானே இப்பச் சொன்னே."

"அது நானில்லக்கா."

"தெரியும்."

அவள் போனை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். அட்டை மேசைமேலேயே கிடந்தது. எழுத்துகள் மங்கிக் கட்டம் பழையபடி கறுப்பாகிவிட்டது.

அடுக்களைக்குக் கதவில்லை. முதலில் வந்தது அவனுடைய குரல். அவனுடையதேதான், அடிவயிற்றிலிருந்து வரும் அந்த உருக்கமான 'அக்கா'வோடு. "எப்படி இருக்கே? கோவமா இருக்கறியா? குரலே செரியில்லியே."

"ஒண்ணுமில்ல சாமி" என்றாள் பூங்கோதை. ஹாலில் கேட்டிராத குரல் அது. "ஒரு ஆளு வந்திருக்குது. நீ சொல்லு."

"பாப்பாவை நெனைச்சுட்டே இருந்தேன்க்கா. அந்தப் பாவத்தை எப்படித் தொலைப்பேன்னு தெரியல. ஒரு நாளைக்குச் சீரோட நேர்ல வர்றேன்."

"வந்தாப் போதும் சாமி. சீரு எதுக்கு?"

"அப்பறம்க்கா, புதுசா ஒரு குக்கரு வந்திருக்குது…"

"அனுப்பச் சொல்லு. வாங்கிக்கறேன்." பாத்திரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள். "அது கெடக்குது. இன்னைக்கு என்ன கொழம்பு?"

"தட்டப்பயத்துக் கொழம்புக்கா" என்றது அவன் குரல்.

ஹாலில் இருந்தவன் காலையிலிருந்து எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை. அவனை யாரும் கேட்கவில்லை.